சாச்சி வீட்டுப் பக்கத்துச் சுவர்

போன கிழமை என் மகன் வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை செய்ய ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்தான். அந்த மனிதர் வந்தார், சுவரின் நாலு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்தார், போய்விட்டார். பின்னேரம் எவ்வளவு சீமெந்து, எத்தனை ஆட்கள், எப்போது முடியும் என்று எல்லாம் மகனுடைய ஃபோனுக்கு வந்துவிட்டது. "சுவரத் தட்டிப் பாத்தாரா?" என்று கேட்டேன். "என்னத்துக்கும்மா தட்டணும்?" என்றான்.

நம்முடைய வயதுக்காரர்களுக்கு என்னத்துக்குத் தட்ட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு சுவராவது உப்புப் பூத்திருக்கும். அதை மறைக்க ஒரு கலண்டரோ அலுமாரியோ அந்த இடத்தில் நின்றிருக்கும். எங்கள் வீட்டில் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. அதன் முதுகு முழுவதும் துருப்பிடித்து, கடைசியில் விரலால் தொட்டால் உள்ளே போகிற அளவுக்கு வந்திருந்தது. அந்தப் பெட்டி இப்போது எங்கே என்று தெரியவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு மெயின் றோட்டுக்கு மேற்கே, வயல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. உம்மாவின் வாப்பா தன்னுடைய இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். கிழக்குப் பாதி உம்மாவுக்கு, மேற்குப் பாதி உம்மாவின் தங்கச்சியான என் சாச்சிக்கு. நம்ம ஊர் வழக்கப்படி வாப்பாவும், சாச்சியின் மாப்பிள்ளையான சாச்சாவும் கலியாணம் முடித்து அந்த வீடுகளுக்குக் குடிவந்தவர்கள்.

நடுச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் பூச்சு நிற்காது. மாரி தொடங்கினால் அந்த இடம் கறுத்து ஊறும். மழை விட்டுக் காய்ந்ததும் பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு பூச்சு கொப்பளித்து, தட்டுத் தட்டாக விழும். பெட்டியின் ஓரத்தில் பாயில் படுத்துக்கொண்டு அந்தப் பஞ்சை ஊதி விளையாடுவது எனக்குப் பிடிக்கும். நக்கியும் பார்த்திருக்கிறேன். நாக்கு நுனியில் முதலில் குளிர்ந்தது, பிறகு கைத்தது. சோற்றுக்குப் போடும் உப்பின் ருசி இல்லை. அப்படியானால் இது என்ன உப்பு, எங்கிருந்து வருகிறது என்ற யோசனை எனக்கு எந்நேரமும் இருந்தது.

அதைவிட ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மற்றச் சுவர்களில் ஈரம் ஊறினால் அது தன்பாட்டில் பரவும், ஓரம் வளைந்து நெளிந்து போகும். இந்த ஈரம் அப்படியில்லை. இரண்டு பக்கமும் நேராக மேலே ஏறியது. ஒரு பெரிய ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில் மட்டம் பிடித்தது போல முடிந்தது. "இது ஏன் நேரா இரிக்கி?" என்று உம்மாவிடம் கேட்டால், "மாரி ஈரம், வேறென்ன" என்பா. ராத்தாவிடம் கேட்டால், "உனக்கென்னத்துக்கு?" என்பாள். ராத்தா, என் கூடப்பிறந்த அக்கா, என்னைவிட நல்லா மூத்தவள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று மட்டும் எனக்கு விளங்கியது.

வாப்பாவுக்குக் கல்முனையில் சாரமும் சாரியும் விற்கிற சின்னத் துணிக்கடை. ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன்னால் ஒரு மேசனைக் கூட்டி வருவார். அந்த மேசன் வாப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம். விழுந்த இடத்தைச் சுரண்டி, மேலால் ஒரு பூச்சுப் பூசி, வெள்ளையடித்துவிட்டுப் போவார். பெருநாளைக்குச் சுவர் முகம் கழுவின மாதிரி இருக்கும். அடுத்த மாரிக்குத் திரும்பவும் கொப்பளிக்கும். உம்மா, "அடியோட கொத்திப் பூசினா என்ன?" என்று கேட்பா. "மேலால ஒரு கை பூசினாச் சரி" என்று வாப்பா முடித்துவிடுவார். செலவுக்குத்தான் யோசிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உம்மாவும் சாச்சியும் கதைப்பதில்லை. சண்டை பிடித்ததை நான் கண்டதே கிடையாது. பெருநாள் சாப்பாடு தட்டில் போகும், தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் கொத்தமல்லி அவித்து அனுப்புவார். எல்லாம் எங்கள் கையில்தான் போய் வரும். சாச்சி வீட்டுக்கு நாங்கள் றோட்டால் சுற்றிப் போவோம். அக்காவும் தங்கச்சியும் இப்படித்தான் இருப்பார்கள், வளர்ந்தவர்களுக்குக் கதைக்க ஒன்றும் இருக்காது என்று நான் எண்ணியிருந்தேன்.

அந்த வருடம் ராத்தாவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் போவது அந்தச் சுவர் இருந்த உள்ளறையில். உம்மா வாப்பாவிடம் சொன்னா: "மருமகன் வாற அறை. இந்தச் சுவரோட நான் அவர உள்ளுக்க எடுக்க மாட்டன்."

"மேசன வரச் சொல்றன்" என்றார் வாப்பா.

"ஒங்கட மேசன் வேணாம். நான் ஆள் பாக்கிறன்."

அடுத்த நாள் உம்மா சாரித் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டா. சந்தைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்துக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. அதைக் கொந்தராத்து எடுத்தவர் தம்பிலுவில் என்ற ஊர் ஆள். உயரம், ஒல்லி, தலையில் சீமெந்துத் தூள். உம்மா சுவரைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் பூசின கையை நிறுத்தவில்லை.

"எத்தின தரம் பூசின அக்கா?"

"ஒவ்வொரு வருசமும்."

"ஒரே இடத்திலயோ?"

"ஓம். ஒரே இடம்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "திங்கக்கிழமை வாறன்" என்றார்.

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வாப்பா, "பாத்தியா?" என்பது போல் உம்மாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடவே அவருடைய மச்சினர், தோளில் ஒரு சாக்கு. சாக்குக்குள் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு. வராததற்கு மூன்று காரணம் சொன்னார். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. உம்மா ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி கொடுத்தா.

இரும்புப் பெட்டியை நகர்த்திவிட்டு அவர் முதலில் செய்தது சுவரைத் தட்டியதுதான். விரல் முட்டியால் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே போனார். நல்ல சுவர் கல்லுக்குரிய கனத்த சத்தம் தந்தது. ஈர இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறி, காலிப் பெட்டியைத் தட்டுவது போல் கேட்டது. நானும் தட்டிப் பார்த்தேன். சத்தம் மாறுகிற கோடும் ஈரம் நிற்கிற கோடும் ஒன்று. எனக்குச் சோறு தண்ணி வேண்டாம் என்றாகிவிட்டது. அவர் பின்னாலேயே நின்றேன்.

கொத்தத் தொடங்கும்போது வாப்பா வந்துவிட்டார். காலையில் கடையை விட்டு அவர் வந்து நான் கண்டதில்லை.

"அடி வரைக்கும் கொத்தத் தேவையில்ல" என்றார்.

"முதலாளி, இது தன்பாட்டில கழண்டுதான் நிக்கிது. நான் கொத்தாட்டியும் விழும்."

"மேலால பூசினாக் காணும்."

உம்மா அறை வாசலில் நின்று சொன்னா: "நீங்க கொத்துங்க."

வாப்பா திரும்பிக் கடைக்குப் போகவில்லை. முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பூச்சு பெரிய பெரிய துண்டுகளாக விழுந்தது. பழைய சுண்ணாம்பும் ஈர மண்ணும் கலந்த மணம் அறையை நிறைத்தது. தூசு அடங்கினதும் பார்த்தால், நேர்க்கோட்டுக்கு மேலே குறுக்காக ஒரு முதிரை மரக்கட்டை, வாசல்களுக்கு மேலே வைப்பார்களே, அது மாதிரி. அதன் கீழே இருந்த கற்கள் வேறு நிறம், வேறு கட்டு. கொந்தராத்துக்காரர் கல்லிடுக்கிலிருந்து கொஞ்சம் கலவையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். அதில் நகத்தளவு கூட இல்லாத சின்னச் சிப்பிகள் மினுங்கின.

"கடல் மண்" என்றார். "அவசரத்தில அடைச்சிருக்காங்க. இந்த உப்பு உள்ள இருக்குமட்டும் மேல எதைப் பூசினாலும் நிக்காது. இந்தக் கட்ட முழுக்க எடுத்துப்போட்டு ஆத்து மண்ணில கட்டணும் அக்கா."

எனக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. "உம்மா, இது கதவா?" என்று கேட்டேன்.

"ஓம். கதவுதான்."

"ஆரு அடைச்ச?"

உம்மா சாச்சி வீட்டுப் பக்கம் கையைக் காட்டினா. "உன்ட சாச்சிட்டப் போய்க் கேளு."

நான் றோட்டால் சுற்றி ஓடினேன். சாச்சி அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தா. அந்தப் பக்கமும் சுவர் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது, அவவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். "சாச்சி, அந்தக் கதவ ஏன் அடைச்ச?" என்று கேட்டேன்.

"நானா அடைச்சன்?" சாச்சி கையை உதறினா. "உன்ட உம்மாதான் அடைக்கச் சொன்னது. அவக்கிட்டக் கேளு, ஏனெண்டு."

திரும்ப ஓடினேன். "உம்மா, நீங்கதான் அடைக்கச் சொன்னீங்களாம். ஏனெண்டு கேக்கச் சொன்னா."

உம்மாவின் முகத்தை அன்றைக்கு நான் பார்த்த மாதிரி அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கோபம் இல்லை. காதில் விழுந்ததைச் சரியாகக் கேட்டோமா என்று ஒரு மனிதர் யோசிக்கிற முகம். "திருப்பிச் சொல்லு" என்றா. நான் திருப்பிச் சொன்னேன்.

உம்மா கொந்தராத்துக்காரரிடம், "ஒரு கல்ல எடுங்க" என்றா.

"அங்கால சாமான் ஏதும் இருந்தா நகட்டச் சொல்லணுமே."

"ஒரு கல்லுத்தானே. எடுங்க."

அவர் உளி வைத்துத் தட்டினார். கடல் மண் கலவை வறுத்த மா மாதிரி உதிர்ந்தது. கல் அந்தப் பக்கமாக அசைந்து விழப்போக, அங்கிருந்து ஒரு கை அதைப் பிடித்து இழுத்தது. சாச்சி நின்றிருந்திருக்கிறா. அவவுடைய அலுமாரியை ஏற்கெனவே நகர்த்தியும் வைத்திருந்தா.

அந்தக் கல் அளவு ஓட்டைக்கு இந்தப் பக்கம் உம்மா, அந்தப் பக்கம் சாச்சி.

"நானா அடைக்கச் சொன்னன்?" என்றா உம்மா.

"காக்கா வந்து சொன்னாரு. அக்காவுக்குக் கரச்சலா இரிக்காம், அடைக்கச் சொல்றா எண்டு. நான் அண்டைக்கு ராவெல்லாம் அழுதன்."

"எனக்கிட்டயும் வந்து சொன்னாரே. தங்கச்சி கேக்கிறா, மறுத்துப் பேசாத எண்டு."

கொந்தராத்துக்காரரும் மச்சினரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காக்கா என்றால் அவர்கள் இருவருக்கும் மூத்த சகோதரர், என் மாமா. ஊரில் நாலு பேர் தங்கள் பிரச்சினைகளைக் கொண்டுபோய்த் தீர்த்துக்கொள்கிற ஆள். சாச்சாவே போய் அவரைக் கூட்டி வந்தார். அவர் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் வேலை நிற்கவில்லை. அடைப்பு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் உள்ளறையிலிருந்து சாச்சியின் அறை தெரிந்தது. நான் அந்த வாசலால் போவதும் வருவதுமாக இருந்தேன். இந்தப் பக்கம் ஒரு நிலம், அந்தப் பக்கம் ஒரு நிலம், நடுவில் தேய்ந்துபோன ஒரு படி. யார் யாருடைய கால் தேய்த்த படி என்று அப்போது யோசித்தது நினைவிருக்கிறது. வெளியில் மச்சினர் ஆற்று மண்ணும் சீமெந்தும் குழைத்து வைத்துவிட்டார்.

மாமா வந்து திறந்த வாசலைக் கண்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான்தான்" என்றார். "ரெண்டு பேருக்கும் அப்படிச் சொன்னது நான்தான். ஒரு கிழமையில சரியாப் போகும் எண்டு நெனச்சன்."

"ஆரு சொல்லிச் செஞ்சீங்க காக்கா?" என்று உம்மா கேட்டா.

"ஆரும் சொல்லல்ல."

"ஆரும் சொல்லாம நீங்க செய்ய மாட்டீங்களே."

மாமா தொப்பியை மடித்தார், விரித்தார். அப்போது வாப்பா முற்றத்திலிருந்து எழும்பி உள்ளே வந்தார்.

"மச்சான ஒண்டும் கேக்காதீங்க. அடைக்கச் சொன்னது நான்."

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தோம். வாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "கடையால வந்தா ஊட்டில ஒருத்தரும் இல்ல. சோறு அங்க, புள்ளையள் அங்க, நீயும் அங்க. சிரிப்புச் சத்தம் மட்டும் இஞ்ச வரும். உன்ட வாப்பா கட்டின ஊடு. அதுக்குள்ள எனக்கெண்டு ஒரு இடம் இருக்கட்டும் எண்டு நெனச்சன். மச்சானுக்கிட்டச் சொன்னன். என்ட பேரச் சொல்ல வேணாம் எண்டும் நான்தான் சொன்னன்."

"எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றா உம்மா.

"சொன்னா நீ சிரிப்பாய் எண்டு நெனச்சன்."

உம்மா சிரிக்கவில்லை. வாப்பாவைக் கன நேரம் பார்த்தா. அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. சத்தம் போடுவா என்று பயந்தேன். ராத்தா வாசலில் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். கலியாணம் நின்றுவிடும் என்று நினைத்தாளாம், பிறகு சொன்னாள்.

வெளியிலிருந்து கொந்தராத்துக்காரர் மெதுவாகக் கூப்பிட்டார். "அக்கா, மன்னிக்கணும். கலவை இறுகுது. கட்டுறதோ, விடுறதோ?"

வாப்பா வாயைத் திறந்தார். மாமாவும் ஏதோ சொல்ல வந்தார். உம்மா கையைக் காட்டினா. "இந்த ஊடு என்ட பேரில இரிக்கி. அங்கால ஊடு இவட பேரில இரிக்கி. நாங்க சொல்றம்."

பிறகு வாசலால் அந்தப் பக்கம் இறங்கி, சாச்சியைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். வாப்பா, மாமா, சாச்சா, கரண்டியோடு கொந்தராத்துக்காரர், எல்லோரும் நின்றார்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குசுகுசுவென்று ஒரு சத்தம், சாச்சி மூக்கைச் சீறினது, திரும்பக் குசுகுசு. அதற்குப் பிறகு திடீரென்று இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உம்மாவிடம் பல தரம் கேட்டிருக்கிறேன். சொன்னதில்லை.

கொந்தராத்துக்காரர் கலவையில் தண்ணீர் தெளித்துக் கிளறினார். "இன்னும் கொஞ்சம் பிந்தினா இத வீசத்தான் வேணும்" என்றார்.

அவர்கள் வெளியே வந்தார்கள். "அடையுங்க" என்றா உம்மா.

எனக்கு அழுகை வந்தது. வாப்பாவும் அதை எதிர்பார்க்கவில்லை. "அடைக்கணுமா? வேணாம். திறந்து கிடக்கட்டும்" என்றார்.

"மருமகன் வாற அறை" என்றா சாச்சி. வாப்பாவோடு அவ நேருக்கு நேர் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல். "அவருக்கும் தனக்கெண்டு ஒரு இடம் வேணும்தானே மச்சான்."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். அது குத்தலா, இரக்கமா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்று இப்போது படுகிறது.

உம்மா கொந்தராத்துக்காரரிடம் திரும்பினா. "இத அடைச்சுப் பூசுங்க. முடிஞ்சதும் பின்வளவுக்கு வாங்க. ரெண்டு அடுப்படிக்கும் நடுவில மதில் இரிக்கி. அத ஒரு ஆள் போற அளவுக்கு உடைங்க."

"அது நாம கதைச்ச வேலையில இல்லையே அக்கா."

"இப்ப கதைக்கிறம்தானே."

அவர் உடைத்தார். சுவரையும் கட்டினார். நடுவில் ஒரு தரம் இரண்டு நாள் காணாமல் போய், வந்து, அதற்கும் ஒத்துவராத காரணங்கள் சொன்னார். ஆனால் பூச்சு நல்ல பூச்சு. ராத்தாவின் கலியாணத்தன்று அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். மற்றச் சுவர்களைப் போலவே இருந்தது. எந்த இடம் கதவு என்று எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை. அடுத்த மாரியிலும் அதற்கடுத்த மாரியிலும் அது ஊறவில்லை.

மாமாவை உம்மாவும் சாச்சியும் கொஞ்ச நாள் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். கலியாணத்துக்கு முன்னால் அதுவும் போய்விட்டது. சிறு வயதில் நான் அவரைப் பொய் சொன்னவர் என்றுதான் வைத்திருந்தேன். ஒரு மனிதருடைய மானத்தைக் காக்க, இரண்டு தங்கச்சிமாருக்கும் நடுவில் ஒரு சுவர் வைத்தார். அது அத்தனை வருடம் நிற்கும் என்று அவர் கணக்குப் போடவில்லை. சரியான ஆளிடம் சரியான கேள்வி போயிருந்தால் ஒரே நாளில் விழுந்திருக்கும். அந்த வீட்டில் யாருமே ஒருவரையொருவர் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று எல்லோரும் இருந்தார்கள்.

வாப்பா மதில் ஓட்டையை நெடுநாள் தாண்டவில்லை. கடையால் வந்து வீட்டில் உம்மாவைக் காணாவிட்டால், பின்வளவுக்குப் போய் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்று இருமுவார். உம்மா அங்கிருந்தே, "வாறன், வாறன்" என்பா. சில நாள் வருவா. சில நாள் சோற்றுக் கோப்பையை ஓட்டையால் நீட்டுவா. அவர் வாங்கிக்கொண்டு வந்து தனியே சாப்பிடுவார். தனக்கென்று கேட்ட இடத்தில் இருந்து சாப்பிட்டார் என்று இப்போது நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

உம்மா மௌத்தானபோது வாப்பா நல்லா வயதாளியாகிவிட்டார். ராத்தாவும் மாப்பிள்ளையும் தனி வீடு கட்டிப் போய்விட்டார்கள், நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் எங்கள் வீடுகளில். என்னோடு வந்து இருங்கள் என்று கேட்டேன், ராத்தாவும் கேட்டாள். மாட்டேன் என்றுவிட்டார். மாப்பிள்ளையை இழந்து இத்தா என்ற துக்க காலம் முடிந்த பெண்களைப் பற்றி ஊர் கதைக்கும், மனைவியை இழந்த ஆணைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. அவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று நான் ஒரு நாள் பின்னேரம் முன்னறிவிப்பில்லாமல் போனேன். முன்கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன், சத்தமில்லை. பயந்துபோய்ப் பின்வளவால் ஓடினேன்.

சாச்சியின் அடுப்படியில் மணைக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். சாச்சி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தா. சாச்சா பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஏதோ ஒரு பழைய கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் வாப்பா கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு பக்கத்தில் கிடந்த பலகையைத் தட்டிக்காட்டி, "வா மகள், இரி. ரொட்டி சூடா இரிக்கி" என்றார், தன்னுடைய வீட்டில் இருந்து கூப்பிடுவது போல.